இடது கை பாயிண்ட்

சீட்டு எடுத்து, கடன் அடைத்து
கையில் நின்றது மூவாயிரத்து நூறு.
கரண்ட் பில்லின் பின்பக்கம் பட்டியல் போட்டேன்.

குளியலறையிலிருந்து கழற்றிய பழைய கதவின் மேல்
ஓடுகிறது என் ரயில்.
தாழ்ப்பாள் இருந்த பள்ளத்தில் இப்போது
ஒரு லெவல் கிராசிங்.

முதல் வரி: மரங்கள்.
நூறு மரம் ஒரு பை, அறுநூற்றைம்பது.
அடித்துவிட்டேன்.
வேலூரைச் செய்கிறவளுக்கு மரம் எதற்கு?
மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
ஊரைக் கிண்டல் செய்தவர்கள் அத்தனை பேரும்
எனக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள்.
ஆற்றுக்கு அசல் பாலாற்று மணல்,
டீ வடிகட்டியில் சலித்தது.
வடிகட்டியைப் பற்றி வீட்டில்
இன்னும் பேச்சு ஓயவில்லை.

இரண்டாவது: ஆட்கள்.
பெட்டிக்கு இருபத்துநாலு பேர், முக்கால் அங்குல உயரம்.
எல்லாரும் ஓவர்கோட் போட்டிருக்கிறார்கள்.
ஒருவன் தோளில் பனிச்சறுக்குக் கட்டை,
காட்பாடி பிளாட்பாரத்தில்,
கத்திரி வெயிலில்.
கோட்டின் மேலேயே லுங்கி வரைந்துவிடலாம்.
ஆனால் ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு
வங்காளத்திலிருந்து வந்து இறங்கி
எந்தப் பக்கம் ஆட்டோ என்று நிற்கிறவரை
எந்தக் கம்பெனியும் வார்த்துத் தருவதில்லை.

மூன்றாவதைப் பட்டியலில் எழுதவே இல்லை.
ஆம்பூரிலிருந்து அன்வருல்லா போனில் சொன்னார்:
"நீல டீசல் இன்ஜின், மேடம். ஹெட்லைட் எரியும்.
உங்களுக்குன்னா ஏழாயிரம்.
மூணு இப்ப, மிச்சம் பொங்கலுக்கு."
ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருக்கிறார்.
அவர் தந்த பசையில்தான்
என் தண்டவாளம் முழுக்க நிற்கிறது.
இரண்டு ராத்திரி அந்த ஹெட்லைட்
கண்ணை மூடினாலும் எரிந்தது.

எனக்கு வேலை டயாலிசிஸ் பிரிவில்.
ரத்தம் கையைவிட்டுக் கிளம்பும், சுற்றும்,
அதே கைக்குத் திரும்பும். நாலு மணி நேரம்.
பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து
கதவின் மேல் சுவிட்சைப் போட்டால்
அங்கேயும் ஒரு வட்டம்.
நீல இன்ஜின் வந்தாலும்
நீலமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி மேம்பாலத்தில்
பஸ் நெரிசலில் நின்றபோது கீழே பார்த்தேன்.
ஒரு கூட்ஸ் வண்டி சைடிங்குக்குள் போனது.
ஆள் ஒருவர் நடுவில் நுழைந்து கொக்கியைக் கழற்றினார்.
ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு
இன்ஜின் மட்டும் கிளம்பிப் போனது
ஜோலார்பேட்டைப் பக்கம்,
பின்னால் ஒன்றுமே இல்லாமல்.

என் இன்ஜின் வாங்கிய நாளிலிருந்து
ஆறு பெட்டிகளை இழுக்கிறது.
விட்டுவிட்டுப் போக
ஓரிடம்கூட அதற்கு நான் போட்டுத் தரவில்லை.

ஆக, இடது கை பாயிண்ட் ஒன்று,
இரண்டாயிரத்து இருநூற்றைம்பது.
வலது கையும் இருந்தால் லூப் லைன் ஆகும்.
அதற்குப் பணம் இல்லை.
முட்டுச் சைடிங்தான்; போனவழியே
பின்னுக்கு வரட்டும்.

பார்சல் வந்த பிறகு வைத்துப் பார்த்தால்
மலை இடிக்கிறது.

"எந்த மலை?" என்றார் தயாளன்.
"பாலமதிப் பக்கம். மூணு அங்குலம் அறுக்கணும்."
ஒரு வருஷம் காயவைத்த மலை அது.
வேறொன்றும் கேட்காமல் ரம்பத்தை எடுத்து வந்தார்.
நான் அறுத்தேன்.
தூள் தண்டவாளத்தில் கொட்டாமலிருக்க
அடியில் அவர் பிடித்தது
அதே டீ வடிகட்டியை.

எண்ணூற்றைம்பது மிச்சம்.
அன்வருல்லாவுக்கு இன்னும் போன் பண்ணவில்லை.
என்னவென்று சொல்வது?
பசை வேறு தீர்ந்துவிட்டது.