புன்னைக்காய்ச் சத்தம்

முட்டத்தில்
கடலோரத்தை விட்டுச் சாலை தலைதூக்கும் இடத்தில்தான்
அந்தச் சத்தம்.
தகர டப்பாவில் புன்னைக்காயைப் போட்டுக் குலுக்கியதுபோல.
இரண்டாம் கியர், பின்னால் நாற்பது பெட்டி சாளை,
காற்றழுத்த முள் ஐந்தைத் தாண்டும்போது
இஞ்சின் பல்லைக் கடிக்கிறது.

"கேக்குதா மேஸ்திரியக்கா?" என்கிறான் தனிஸ்லாஸ்.
கேட்கிறது.
காதுதான் என் தொழிலில் பாதி.

தூத்துக்குடியில் எடைக்கு வாங்கிய பெட்ரோல் இஞ்சின்.
இடுப்பில் சூப்பர்சார்ஜரைக் கட்டிக்கொண்டே வந்தது.
ஐஸ் வண்டிக்கு எதற்குடே இந்த ஒட்டியாணம் என்று
திங்கள்சந்தையில் கேட்காத வாயில்லை.
நாகர்கோவிலிலிருந்து இங்கே வருவதற்குள்
பலகை இடுக்கு வழியாய் ரோட்டில் ஒழுகுவது
அவன் காசு. கேட்டவர்கள் காசு இல்லை.

மற்ற இஞ்சின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ளும்.
இதற்குப் பெல்ட் சுழலச் சுழல
வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல்
தொண்டைக்குள் காற்று இறங்குகிறது.
நெருக்கியடித்த காற்றில் தீ விரைந்து ஓடும்.
ஆகவே பொறியைப் பிந்திக் கொடு,
பெட்ரோலைக் கூட்டிக் கொடு.
எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.
எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

முதல் ராத்திரி
டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி மூன்று டிகிரி பின்னால்.
அஜின் டைமிங் லைட் பிடித்தான்.
புல்லியில் நான் இழுத்த சாக்பீஸ் கோடு
ஓடும் சக்கரத்தில் ஓடாமல் நின்று
எங்களைப் பார்த்தது.
மறுபடி ஏற்றம். மறுபடி புன்னைக்காய்.

இரண்டாம் ராத்திரி மெயின் ஜெட்டை இரண்டு நம்பர் ஏற்றினேன்.
சைலன்சர் கறுப்பாய் ஏப்பம் விட்டது.
இன்னும் மூன்று டிகிரி பின்னால்.
இப்போது எக்ஸாஸ்ட் குழாய் செக்கச்செவேல்.
உள்ளே வேலை செய்யவேண்டிய தீ
வெளியே போய் ஊர் சுற்றுகிறது.
ஏறியது என்று வேண்டுமானால் சொல்லலாம்,
ஒரு நாய் எங்களை நிதானமாய்க் கடந்துபோனது.
சத்தம் மட்டும் அப்படியே.

"சவத்தக் கடல்ல தள்ளிருவமா?"
நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் ராத்திரி ஏற்றத்தின் பாதியிலேயே,
கிளட்சை மிதி, சாவியைத் திருப்பு என்றேன்.
அஜின் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான்.
கை பொரியப் பொரிய ஆறு பிளக்கையும் கழற்றி
டார்ச்சில் பிடித்தேன்.
பீங்கான் வெளுத்திருந்தால் பட்டினி.
கறுத்திருந்தால் அஜீரணம்.
உள்ளே வெடித்திருந்தால்
மிளகுபொடிபோல் அலுமினியம் தெறித்திருக்கும்.
லென்ஸ் வைத்துத் தேடினேன்.
கரி. கரி. கரி. கரி. கரி. கரி.
மிளகு ஒரு துணுக்கு இல்லை.

நோயில்லாத உடம்புக்கு
இரண்டு ராத்திரியாய் மருந்து ஊட்டியிருக்கிறேன்.

கேபினில் ஏறிச் சீட்டைத் தூக்கினேன்.
ஐஸ் குத்தும் கம்பி, பூண் கழன்றது,
பேட்டரியின் தகர மூடிமேல் கிடந்தது.
வண்டி மூக்கை உயர்த்தினால்
உருண்டுபோய் அங்கே நடுங்கும்.
தனிஸ்லாஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
தன்னுடையது இல்லை என்பதுபோல.
சிரிக்கலாமா என்று நாங்கள் யோசிப்பதற்குள்
அஜின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

ஆறு டிகிரியையும் திருப்பிக் கொடுத்தேன், ஜெட்டையும்.
பிறகு மீன்பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி
சாக்கில் கட்டி, காற்றுக்குழாய் மேல் போட்டேன்.
குளிர்ந்த காற்று சட்டென்று கோபப்படாது.
அந்தத் தைரியத்தில் ஒரு டிகிரி முன்னால்.

சாளை நாற்றத்தோடு தண்ணீர் சொட்டச் சொட்ட
மேலே வந்து நின்றோம்.
ஒரு பிளக்கைக் கழற்றினேன்,
சுக்குக்காப்பி நிறம்.
இன்னும் ஒரு டிகிரி கேட்பதுபோல் இருந்தது.
ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

முதல் பஸ்ஸில் திரும்பும்போது
எங்கோ ஒரு கண்ணாடி கடகடத்தது.
ஜன்னலா, இஞ்சினா என்று
மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.