தொரட்டிக்காரன்

ஐப்பசி பிறந்தால் களத்தில் பாதி நாள்தான் வேலை.
வெள்ளகோவில் பக்கம் வானம் கறுத்ததுமே
காய்கிற தேங்காயை வாரிக் குவித்துத்
தார்ப்பாய் இழுத்து, ஓரத்தில் கல் வைத்துவிட்டு
கொட்டகைக்குள் ஓடி வந்துவிடுவோம்.
பொடுசுகள் ஏழு. கரண்டு இல்லை.
தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலே
கத்தித்தான் சொல்ல வேண்டும் பேய்க்கதையை.
கத்திச் சொன்னால்
பேய்க்கு மரியாதை கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

பின்னால் ஒரு கிணறு. பாறை வெட்டு, தொண்ணூறு அடி,
கைப்பிடிச் சுவர் கிடையாது.
நாலு வருசமாய்ப் பொட்டுத் தண்ணி இல்லை.
போன ஆடியில் சஷ்டிகா அதன் விளிம்பில்
காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு
கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தாள்.
அன்று சாயங்காலமே
நான் அவனைப் பெற்றேன்.

அடியில் குந்தியிருப்பான். கையில் நீளத் தொரட்டி.
எட்டிப் பார்க்கிற பிள்ளையைக்
காலரில் மாட்டி இழுப்பான்.
'காலரில்லாத சட்டைன்னாங்?' என்றான் பிரனேஷ்.
'காதுல மாட்டுவான்.'
ஏழு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.
பீகார்க்காரர் மகன் ரோஷன்
தங்கைக்கு அவர்கள் பேச்சில் சொன்னான்.
என்னுடைய ரெண்டு வரிக்கு
அவனுக்கு அஞ்சு நிமிசம் பிடித்தது.
என்ன சேர்த்தானோ, அவள் அழவில்லை.
எழுந்து, இல்லாத தொரட்டியை ஊன்றி
நொண்டி நடந்து காட்டினாள்.
நான் சொல்லவே இல்லை அவன் நொண்டியென்று.

இந்த வருசம் மழை விடவில்லை.
இட்டேரியில் முழங்கால் தண்ணி.
கிணற்றுக்குள் ராவெல்லாம் ஊற்று விழுகிற சத்தம்.
'அத்தே, அவனுக்கு நீச்சத் தெரியுங்களா?'
சஷ்டிகா கத்தவில்லை.
மழை அப்போது நின்றிருந்தது.
நான் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டே
'பேய்க்கு எதுக்குக் கண்ணு நீச்சல்' என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
அதையாவது கவனித்திருக்கலாம்.

மறுநாள் விடியக்காலம்
வேப்பமரத்தில் கட்டிய கயிறு கிணற்றுக்குள் போயிருந்தது.
அடியில், கலங்கல் தண்ணியில் லாரி டியூப்.
அதன்மேல் கட்டிய பையில்
தீபாவளி முறுக்கு ரெண்டு.
செம்மண்ணில் விளிம்பு வரைக்கும் குட்டிக் குட்டிப் பாதம்.
திரும்பின பாதம் இருக்கிறதா என்று
அப்புறம்தான் தேடினேன்.
ஓடிப் போய் எண்ணினேன். ஏழு.
விரல் தொட்டு மறுபடி எண்ணினேன். ஏழு.
'என்னாச்சுங் அத்தே' என்றார்கள்.
எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

அவன் இருக்கிறான் என்றால்
சோறு கொண்டு போவார்கள்.
செத்துவிட்டான் என்றால்
எடுத்துப் புதைக்கப் போவார்கள்.
ஊரைவிட்டுப் போய்விட்டான் என்றால்
கிணறு சும்மா கிடக்கும்.
கிளுவையும் வேலாமுள்ளும் வெட்டிச் சுற்றிலும் போட்டோம்.
முள் எத்தனை நாளைக்கு.

அன்றைக்கும் மழை. அன்றைக்கும் கத்தித்தான் சொன்னேன்:
அவன் நல்லா நீந்துறான். டியூப் கெடைச்சுது.
முறுக்குல உப்பு பத்தலையாம்.
ஆனா நாலு வருசம் கழிச்சு இப்பத்தான் தண்ணியைப் பார்த்திருக்கான்,
பொழுதன்னிக்கும் குளிக்கிறான்,
உடுத்தியிருந்த ஒத்தைத் துண்டும் நனைஞ்சு போச்சு.
'அப்டீன்னா?'
'அம்மணக்குண்டி.'

ச்சீ, ச்சீ என்று கொட்டகையே அதிர்ந்தது.
ரோஷன் சொல்லி முடிக்கும் முன்னே
தங்கை கண்ணைப் பொத்திக்கொண்டாள்.
தை வந்துவிட்டது. ஒரு பிள்ளை
அந்தப் பக்கம் போவதில்லை.

ராத்திரி தார்ப்பாய் பார்க்கப் போகையில்
டார்ச்சைத் தரைக்குத் தாழ்த்திக்கொள்கிறேன்.
முள்வேலிக்குப் பத்தடி முன்னாலேயே
ஒருதரம் செருமிவிட்டுத்தான்
நானும் நடக்கிறேன்.