மிதவை நாள்

கூட்டக் குறிப்பில்
வந்திருந்தோர் பட்டியலின் கடைசி வரி:
"மற்றும் இன்டர்ன்."
அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்
டயாலிசிஸ் நிலையமாகிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு நாற்காலி, ஒன்பது கதவு,
எனக்கு இருபத்திரண்டு வாரம்.
பாலிடெக்னிக்கில் படித்த பட்டைகளைத்
திரையில் நீட்டினேன்:
குழாய்க்கு நீலம், மின்சாரத்துக்குப் பச்சை,
தான் தாமதித்தால்
எல்லாவற்றையும் தாமதிக்கவைக்கும் வேலைக்குச் சிவப்பு.
சிவப்பில் சேராதவை சற்றே நகரலாம்.
அந்த இடைவெளிக்கு மிதவை என்று பெயர்.
"மிதவை: இரண்டு நாள்" என்று அடித்தபோது
எனக்கு நினைவு வந்தது
நீச்சல் குளம்.

முதல் மாதம் முழுக்கக் கற்றது ஒரே சொல்.
கேன்.
இழுத்துச் சொன்னால் முடியாது.
கேன் கேன் என்று இருமுறை வந்தால்
இன்னும் தொடங்கவே இல்லை.
தலை தூக்காமல், போனைப் பார்த்தபடி
ஹைருல் சொல்லும் ஒற்றைக் கேன் மட்டும்
வெள்ளிக்கிழமைக்குள் நடந்துவிடும்.

மூன்றாம் வாரமே பார்த்துவிட்டேன்.
வரைபடத்தில் கதவு தொள்ளாயிரம்.
ஆர்டர் தாளில் எண்ணூறு.
இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்.
பீ லெங் போனில் இருந்தாள்.
கதவுக் கம்பெனி ஆள் லாரிச் சாவியோடு
எழுந்துகொண்டிருந்தார்.
எண்ணூறுக்கும் ஒரு காரணம் இருக்கும்,
எனக்குத் தெரியாத காரணம்.
தெரியாத காரணங்கள் மேல்
அப்போதெல்லாம் எனக்கு அவ்வளவு மரியாதை.
குறிப்பில் எழுதினேன்:
"கதவுகள் ஆர்டர் செய்யப்பட்டன."

பதினைந்தாம் வாரம்
சுங்கை காடுட்டிலிருந்து வந்தன. மாட்டினார்கள்.
முதல் நாற்காலியைத் தாதி தள்ளிவந்தார்.
அது நிலைச்சட்டத்தின் இரு பக்கமும் உரசி
நின்றுவிட்டது, வாயில் சிக்கிய சொல் மாதிரி.

பீ லெங் கத்தவில்லை.
புதுக் கதவு சனி இரவு வரும், ஞாயிறு மாட்டணும்,
அட்டவணையில் இடம் இருக்கா என்று மட்டும் கேட்டாள்.
லேப்டாப்பைத் திறந்து நான் சொன்னேன்:
இருக்கிறது.

ஞாயிறு காலை ஏழரை.
கிராஞ்சி விடுதியிலிருந்து லாரியில் மூன்று பேர்.
மாயழகுக்கு அன்று மாட்ச்,
உட்லண்ட்ஸ் திடலில். விக்கெட் கீப்பர்.
கருவிப் பெட்டிமேல் போனைச் சாய்த்துவைத்து
ஸ்கோர் வரவர எட்டிப் பார்த்தபடி
திருகாணிகளைக் கழற்றினான்.
"யாரும்மா இத அளந்தது?"
கோபமில்லை. நேரம் கேட்பதுபோல்தான் கேட்டான்.

"நான் பாத்தேன்," என்றேன்.
"மூணாவது வாரம். சொல்லல."

என்னைப் பார்த்தான்.
போனைப் பார்த்தான்.
"சரி, அந்தப் பக்கம் புடி."

அட்டவணையில் நாற்பத்தேழாம் வரி,
ஒரு விரல் நீளப் பட்டை.
கையில் வாங்கினால்
மூச்சு முட்டும் பாரம்.
ஒன்பதையும் மாட்டி முடிக்கையில் மாலை ஐந்து.
ஏழு ரன்னில் தோற்றிருந்தார்கள்.
அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த கீப்பர் விட்ட இரண்டு கேட்சைத் தவிர.

பயிற்சி அறிக்கையில் ஒரு கட்டம்:
கற்ற பாடங்கள், ஐந்நூறு சொல்லுக்குள்.
தகவல் தொடர்பு என்றேன், இடர் மேலாண்மை என்றேன்.
பி பிளஸ் கிடைத்தது.

அந்தத் திங்கள் காலை அதில் இல்லை.
கன்டெய்னர் அலுவலகத்தில்
ஓவர்டைம் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.
மாயழகு என்று அடித்தேன்.
அடுத்து விரல்கள் தாமாகவே அடித்தன:
மற்றும்

மினுக்கிக்கொண்டு நின்றது கர்சர்.
மற்ற இருவரின் பெயர்
எனக்குத் தெரியாது.
ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு
கார்நிறுத்தத்தைக் கடந்து
கேட்கப் போனேன்.