கிடைத்தது என்று ஒரு குறி

மேல்மாடியில் ரோக்கன் றிங்.
கொழும்பார் கழித்துவிட, ஏ-ஒன்பது திறந்த கையோடு
லொறியில் வந்த பதினொரு மிஷின்கள்.
வில்லை கைக்கு வந்தால்தான் வாய் திறக்கும்.
வராவிட்டால் வட்டமாய், ஒழுங்காய், காத்திருக்கும்.

கீழே ஈதர்நெற்.
சின்னக்கடை மீன் கூறல் மாதிரி
எல்லாரும் ஒரேயடியாய்க் கத்தி
முட்டுப்பட்டு
சட்டென்று அடங்கி
ஆளுக்கொரு கணக்கில் பொறுத்து
பிறகும் கத்தி.

நடுவே, படிக்கட்டின் கீழ், தும்புத்தடிக்குப் பக்கத்தில்
ஒரு சாம்பல் பெட்டி. பாலம் என்பார்கள்.
பண்ணைப் பாலம்போலக் காற்று அடிக்காது;
மூன்று பச்சை விளக்கு, முனகும் விசிறி ஒன்று.
அங்கே ஒவ்வொரு பைற்றையும் தலையிலிருந்து சொல்வார்கள்,
இங்கே வாலிலிருந்து.
பெட்டி முகவரி முகவரியாய்ப் புரட்டிப் போடும்.
எல்லாப் பெயரும் விகடகவி இல்லையே.
யார் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளும்;
ஐந்து நிமிஷம் பேசாதவரை மறந்துவிடும்.

இழப்பீட்டுக் கந்தோர் அது.
மாசி முழுக்க ஒரே முறைப்பாடு:
"பிள்ளை, சில படிவம் கீழ வந்து சேருதில்லை."
சில மட்டும்.
வயர் மாற்றினேன். பெட்டியை நிறுத்திப் போட்டேன்.
மேலே பதிகிறவர் சவரிமுத்து யூஸ்ரஸ்.
அவர் திரையில் எல்லாமே 'கிடைத்தது'.

மூன்றாம் நாள் இரவு, ஜெனரேற்றர் இரைச்சலுக்குள்
பிடிபட்டது.
சின்னதெல்லாம் கடந்திருந்தது:
பெயர், இலக்கம், வீடு ஒன்று, தொகை.
விழுந்ததெல்லாம் நீளமானவை.
காரணம் என்ற கட்டத்தில்
யூஸ்ரஸ் ஒன்றையும் சுருக்கவில்லை.
சொன்னவர் சொன்னபடி
கிணற்றடி, மூத்தவனின் சைக்கிள்,
எத்தனை மணிக்கு எந்த வேலியால் ஓடினது,
திரும்பிப் பார்த்தது, பார்க்காதது.

ஆயிரத்து ஐந்நூறு பைற்றுக்கு மேல் கீழே இடமில்லை.
வெட்டித் துண்டாக்கப் பாலத்துக்கு உரிமையும் இல்லை.
வாங்கும். அளக்கும். போட்டுவிடும்.
போட முன்னம்
கிடைத்தது என்று ஒரு குறி வைத்து
வட்டத்தில் திருப்பி அனுப்பும்.
பொய் என்று சொல்லமாட்டேன்.
அதன் கைக்குக் கிடைத்ததுதானே.

மேலே ஏறி, பதினொன்றிலும் அளவைக் குறைத்தேன்.
"சுருக்க வேண்டாம் அண்ணை,
இனி அது துண்டு துண்டாய்ப் போகும்."
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
எத்தனை என்று மட்டும் கேட்டார்.

நாற்பத்தாறு.

விரலை நெட்டி முறித்துவிட்டு
முதலில் இருந்து தட்டத் தொடங்கினார்,
வேலணையில் ஒரு கிணற்றடியில்.