முப்பது ஆம்பியர்

ஹீயுமா தீவு, ஓர்யாகு துறை,
அக்டோபர் மூன்றாம் வாரம்.
கால்யோவின் படகுக்குள் தலைகீழாகக் கிடக்கிறேன்.
பல்லில் டார்ச்.
மூக்கில், நேற்று எரிந்த வார்னிஷ்.

"புது பேட்டரி ஊர்வே,
ஆயுசுக்கும் போதும் என்றார்கள்"
என்கிறார் மேலிருந்து.
பேட்டரிக்கு ஒரு கீறலும் இல்லை.
செத்துக் கிடப்பது ஆல்டர்னேட்டர்.

பழைய ஈய பேட்டரி கூச்சமுள்ள விருந்தாளி.
இரண்டு கரண்டி விழுந்ததுமே
தட்டை மறைத்துக் கையை விரிக்கும்.
பரிமாறுகிறவர் முதுகை நிமிர்த்திக்கொள்ளலாம்.

லித்தியத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது.
போடப் போட வாங்கும்
முகம் மாறாமல்,
கடைசி வாய்க்கும் முதல் வாய்ப் பசியோடு.
எதிரே இந்தச் சின்ன வள்ளல்,
தன் நெற்றியில் அச்சிட்ட
தொண்ணூறு ஆம்பியரைத்
தானே நம்பியது.
மூடுபனியில் எஞ்சின் மெல்ல உருள,
விசிறிக்குக் காற்று போதாமல்
செம்புச் சுருள் கொதித்திருக்கிறது.

அதையும் தாங்கியிருக்கும்.
ஒரு செல் நிரம்பி வழியப் போன நொடியில்
பேட்டரியின் காவல்காரன்
கதவைச் சாத்திவிட்டான்,
ஒரு வார்த்தை சொல்லாமல்.
பாய்ந்து வந்ததெல்லாம் முட்டித் திரும்பியது.
ஆறு டயோடுகள்,
திசைகாட்டும் திரை,
பாய்மர உச்சி விளக்கு.

"நாற்பது நிமிஷம் ஊதுகுழலை ஊதினேன்.
சாரெமா போகிற பயணிக் கப்பல்
பக்கத்திலேயே கடந்தது.
கண்ணுக்குத் தெரியவில்லை,
காப்பி வாசம் வந்தது.
ஹில்யாவிடம் சொல்லிவிடாதே."

சொல்லவில்லை.
கொட்டகையில் எறிந்த ஈயத்தை
தூக்கி வரச் சொன்னேன்.
ஆல்டர்னேட்டர் இனி அதற்குத்தான் கொடுக்கும்.
அதிலிருந்து ஒரு நீலப் பெட்டி
அளந்து லித்தியத்துக்கு ஊற்றும்.
காவல்காரன் மறுபடி கதவடைத்தாலும்
முன்னறையில் கிழவர் இருப்பார்,
வந்ததை மடியில் வாங்கிக்கொள்ள.

"முப்பதுதானா?
தொண்ணூறு வருகிறதே!"

கடலில் போட்டாலும் அளந்து போடணும் கால்யோ.
ஐந்து டிகிரிக்குக் கீழே போனால்
அந்த முப்பதும் கிடையாது.
உறைந்த பேட்டரிக்குள் திணிப்பது
உள்ளுக்குள் ஊசி வளர்ப்பது.

என் சட்டைப் பையில் போன் அதிர்கிறது.
காலையிலிருந்து ஒன்பதாவது.
கெயினாவில் ஒரு மீன்படகு,
கார்ட்லாவில் ஒரு பம்ப்,
சம்பளம் தராத என் தம்பியின் டிராக்டர்.

புது ஆல்டர்னேட்டரை மாட்டி
ஒரு மணி நேரம் ஓடவிட்டோம்.
மீட்டரில் நாற்பத்தெட்டு டிகிரி.
எஞ்சினை அணைத்ததும் கால்யோ
உறைமேல் உள்ளங்கையை வைத்தார்,
எடுக்கவில்லை.
வெளியே மழை பொடியாக விழுந்தது.
நானும் ஒரு கையை வைத்தேன்.

போன் மறுபடி.

அதிரட்டும்.