ஒன்பதாம் புட்டி

நின்ற தண்ணீரில் இந்தக் கரிமுனைக்குப் பேச்சு
கொஞ்ச நேரம்தான்.
தொட்டதைத் தின்றுவிட்டு
பக்கத்தில் வேறொன்றும் இல்லாமல்
வாயடைத்துப் போகும்.
ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்,
அதற்குத்தான் பம்பு.
உருளைகள் ரப்பர்க் குழாயை
மாறி மாறி மிதித்துத் தள்ள
நூல் பருமனில் ஒரு வாய்க்கால்.

முனைக்குத் தொள்ளாயிரம் மில்லிவோல்ட்.
உரசிப் போகிற நைட்ரைட்
எலக்ட்ரானைப் பறிகொடுக்கும்.
அந்தச் சில்லறைதான் என் கணக்கு.
திரையில் ஒரு முகடு:
ஏறுவது விறுவிறுவென்று,
இறங்குவது வாலை இழுத்துக்கொண்டு.

பகலில் சரிவராது.
அடுத்த அறைக் குளிர்பெட்டி முனகினாலே
கோடு துள்ளும்.
குமிழி புகுந்தால் பொய்யாய் ஒரு மலை.
பாளையங்கோட்டை அடங்கிய பிறகு
நானும் பம்பும் பன்னிரண்டு புட்டிகளும்.
பாளையங்கால் நெடுக
தளவாய் பைக்கில் போய் மொண்டுவந்தவை.

ஆறு: நாற்பத்தொரு நானோ ஆம்பியர்.
ஏழும் எட்டும் மேலே, இன்னும் மேலே.
ஒன்பது: நாற்பத்தொன்று.
மறுபடி செலுத்தினேன்.
மறுபடி.
ஆறின் மேல் ஒன்பதைக் கிடத்திப் பார்த்தேன்.
வாலோடு வால் ஒட்டிக்கொண்டது,
ஒரே படித்துறையில் மொண்ட நீர்.

ஒன்பது,
மேலப்பாளையத்தில் எங்கள் தெருவின் முதுகுப்புறம்.
சாக்கடை மூன்று வாயால் கொட்டும் இடம்.
ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் நோன்பு திறக்கிறோம்.
அந்தத் தண்ணீர்
இத்தனை மரியாதையாய்ப் பேசாது.

போனில் தளவாய்க்குத் தூக்கம் கலையவில்லை.
"அங்கன நாய் நிக்குக்கா, நாலஞ்சு.
எல்லாம் ஒரே தண்ணிதானக்கா."
திட்ட வாயெடுத்தவள்
போன மாதம் அவன் கெண்டைக்காலில் பார்த்த
கட்டை நினைத்துக்கொண்டேன்.
"மூணாவது ஊசி போட்டியால?"
பதில் இல்லை.

விடியுமுன் பிஸ்கட் பாக்கெட்டோடு
நானே இறங்கினேன்.
நாய்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு
என்னையும் ஒருமுறை முகர்ந்தன.
அந்த நீராலேயே புட்டியை மூன்று தரம் அலசி
மொண்டு, மூடி,
ஒட்டுத்தாளில் எழுதினேன்:
ஒன்பது. ஐந்து பத்து. ஷமீலா.
மேலே எங்கள் வீட்டு ஜன்னலில்
யாரோ விளக்குப் போட்டார்கள்.
கூப்பிடவில்லை.

கோடு ஏறியது.
திரையின் கூரையில் முட்டி
அப்படியே தட்டையாய் நின்றது.

பத்துக்கு ஒன்றாய் நீர்க்கக் கலந்தேன்.
யார் ஏசினாலும் ஏசட்டும் என்று
குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.
மறுபடி
பம்பைத் தட்டினேன்.