கீழ் வரிசை மூன்று

ராத்திரி ரெண்டே கால். வண்ணார்பேட்டையில்
கரண்டு போய் வந்தது.
ஆஸ்பத்திரிப் பின்னறையில்
பன்னிரண்டு டிஸ்க்கும் கண்விழித்தன,
வேறு வரிசையில்.

டிஏ ஐந்து பழுது என்கிறது திரை.
எந்த ஐந்து?
நேற்றைய ஐந்து இன்றைக்கு நாலு.
போன வாரம் தூசி தட்டக் கழற்றிய சுடலைக்கண்ணு
கேபிளை மாற்றிச் செருகியிருக்கிறான்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை,
எல்லாம் ஒரே கறுப்பு முகம்.

ஒன்று செத்தால் தாங்கும்.
அவசரத்தில் நல்லதை உருவினால் தாங்காது.
உள்ளே நாலாயிரம் முதுகெலும்பு,
மூளை, ஈரல், பிறக்காத பிள்ளைகள்.

செல்வின் அண்ணன் குவைத்திலிருந்து பேசினார்:
"வெறும் டிஸ்க்க அப்படியே முழுசாக் கொடுத்தேன் தாயி.
நடுவுல கோடு கிழிச்சு என்னத்துக்கு?
யாரு எவருன்னு குளத்துக்குத் தெரியும்லா."

தெரியும்தான்.
சேமிப்புக் குளம் ஒவ்வொரு தட்டிலும்
தன் அடையாளத்தை எழுதி வைத்திருக்கிறது.
எண் மாறினாலும் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும்.
எனக்குத்தான் தெரியாது,
கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிற
மைதீன் பாத்துவுக்கு.

ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன்.
வாசிக்க வாசிக்க அதனதன் விளக்கு துடித்தது.
கீழ் வரிசையில் மூன்றாவது
துடிக்கவே இல்லை.

காலையில் டவுன் கடையில் வாங்கியது
அதே நாலு டிபி. வேறு கம்பெனி.
சில ஆயிரம் செக்டர் குறைச்சல்.
சின்னது, என்றுவிட்டது குளம்.
திரும்பப் போய் ஆறு டிபி கேட்டேன்.
பில்லைப் பார்த்து டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

இதில் கோடு கிழித்தேன்.
வேண்டிய அளவுக்கு ஒரு துண்டு,
மிச்சம் சும்மா கிடக்கட்டும்.
கரை முட்ட நிறைந்த குளத்தைப் பார்த்து
இந்த ஊரில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

துண்டுக்குப் பெயர் வைத்தேன்: கீழ்_3_9417.
நின்ற இடம், சீரியலின் கடைசி நாலு எண்.
அதையே எழுதி முகப்பில் ஒட்ட
பிளாஸ்திரி கேட்டபோது
நர்ஸ் ஜெபக்கனி கேட்டாள்,
"அதுக்கு எங்கக்கா அடி?"

மீதிப் பதினொன்றுக்கும் பெயர் வைக்க
குளத்தை ஒருதரம் வற்ற வைத்து
வேறு பெட்டிக்கு இறைக்க வேண்டும்.
பெட்டி கேட்டிருக்கிறேன்.
பார்ப்போம் என்றிருக்கிறார்.

சாயங்காலம் மறுபடி கரண்டு போனது.
வந்ததும் பட்டியலைத் திறந்தேன்.
பதினொரு எண்கள் தங்களுக்குள்
இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
நான் அந்த ஒரு வரியை மட்டும் தேடினேன்.